பினாயில் மணக்கும் வீட்டில் பூனையும் நாயும்: ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நாங்களும் எங்கள் பூனை பட்டுவும் மாடியில் இருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு கீழே இறங்கினால் கூடம் முழுக்கச் சாக்கடை கலந்த சேறு. தெருவில் வண்டியில் கேன் கட்டிக்கொண்டு வருபவரிடம் இரண்டு லிட்டர் பினாயிலை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கி, அளவெல்லாம் பார்க்காமல் ஊற்றிக் கழுவினோம். வீடு மணத்தது. அப்பாடா என்று இருந்தது.

பட்டு படியிறங்கி வந்து, ஈரத்தரையில் நடந்து, நாற்காலி மேல் ஏறி உட்கார்ந்தது. பிறகு பாதத்தை விரித்து, விரல்களுக்கு நடுவே நாக்கை விட்டு, ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்தது. நான்கு பாதங்களும் முடிய பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

இரவு பத்து மணிக்கு அதன் வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. நெத்திலி வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. காலையில் டாக்டர் வாயைத் திறந்து காட்டினார். நாக்கின் ஓரம் முழுக்கத் தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருந்தது. “என்ன போட்டுத் துடைச்சீங்கம்மா?” என்றார். “பினாயில் சார்.” “அதுல என்ன கலந்திருக்கு?” பாட்டிலில் லேபிளே இல்லை. அவர் பட்டுவின் பாதத்தை முகர்ந்து பார்த்துத்தான் சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தது. பதினோரு நாள் சிரிஞ்சில் கஞ்சி கொடுத்துத் தேற்றினோம்.

வீட்டில் செல்லப்பிராணி இருந்தால் தரையில் நாம் ஊற்றுவதெல்லாம் அதன் வாய்க்குள் போகும். பாதம் வழியாகப் போகும், வயிற்று முடி வழியாகப் போகும். பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தால்தான் விஷம் என்று நினைத்ததுதான் என் தவறு. அதை மனதில் வைத்து, எங்கள் வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பிராணி என்று பாருங்கள்

பூனை இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மனிதனுக்கும் நாய்க்கும் கல்லீரலில், பினாயிலில் இருக்கும் ஃபீனால் போன்ற பொருட்களைக் கரைத்து வெளியேற்றச் சில நொதிகள் இருக்கின்றன. பூனைக்கு அந்த நொதிகள் மிகக் குறைவு. நம் உடம்பு சில மணி நேரத்தில் கழித்துவிடும் பொருள் பூனையின் உடம்பில் தங்கிவிடும். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும் என்பார்கள் இல்லையா, அதற்கும் இதுதான் காரணம். போதாக்குறைக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதியைப் பூனை தன்னை நக்குவதிலேயே கழிக்கிறது.

நாயின் பிரச்சினை வேறு. அது கடிக்கும், விழுங்கும், மாப் வாளியிலும் கழிவறைக் கோப்பையிலும் வாய் வைக்கும். குட்டி என்றால் சோப்புக் கட்டியையும் தின்னும்.

லவ் பேர்ட்ஸ், கிளி வளர்ப்பவர்களுக்கு மூச்சுதான் கவலை. பறவைகளின் சுவாச மண்டலம் காற்றில் உள்ளதை மிக விரைவாக இழுத்துக்கொள்ளும். ஸ்ப்ரே அடிக்கும் அறையில் கூண்டு இருக்கவே கூடாது. மீன் தொட்டி இருந்தால், சோப்புக் கையோடு தண்ணீரில் கை விடாதீர்கள். இயற்கைதானே என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரும் வேண்டாம். மீன் பிடிக்கவே அதைக் கசக்கிக் குளத்தில் விடும் வழக்கம் உண்டு.

இரண்டாவது: எல்லா பாட்டில்களையும் வெளியே எடுத்துப் பரப்புங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சமையல் மேடைக்குக் கீழே, குளியலறை மூலை, பரண், பீரோவின் அடித்தட்டு, பூஜை அறை என ஒன்று விடாமல் எடுத்துத் தரையில் வையுங்கள். நான் எடுத்தபோது பத்தொன்பது பொருட்கள் இருந்தன. அதில் ஐந்துக்கு லேபிள் இல்லை.

பினாயிலில் இருந்து தொடங்கலாம். கறுப்பு பினாயில் கரித்தாரிலிருந்து வரும் ஃபீனால், கிரசால் வகைப் பொருட்களால் ஆனது. தண்ணீரில் ஊற்றினால் பால் போலாகும். பூனைக்கு இது மிகக் கெடுதல்: வாயும் பாதமும் புண்ணாகும், நடுக்கம் வரும், கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். வெள்ளை பினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெய் கலந்தது. பூனை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். டெட்டாலில் இருப்பது குளோராக்சிலினால். அதுவும் ஃபீனால் குடும்பம்தான். நாய்க்குக் காயம் பட்டால் டெட்டால் தடவும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். பூனைக்கு ஒரு துளிகூடத் தடவாதீர்கள்.

அடுத்தது, இப்போது கடைகளில் நிறைந்திருக்கும் வாசனைத் தரை துடைப்பான்கள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியின் பெயர் இருக்கும். இந்த வகையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணம் இதமாக இருப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. தண்ணீர் ஆவியானாலும் இது தரையில் மெல்லிய படலமாகத் தங்கும். மறுபடி ஈரம் பட்டால் பாதத்தில் ஒட்டும். பூனை நக்கினால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம், சில சமயம் அரை நாள் கழித்துத்தான் நாக்கில் புண் தெரியவரும். அதற்குள் காலையில் தரை துடைத்ததையே மறந்திருப்போம். “நேத்து நைட்டு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்று மருத்துவமனையில் சொல்லும் பலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

கழிவறை சுத்தம் செய்யும் திரவங்களில் பெரும்பாலும் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். உதிரியாக விற்கும் ஆசிட் இன்னும் கடுமையாக இருக்கலாம். அடைப்பு எடுக்கும் தூள் காஸ்டிக் சோடா. இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அதிகம் பயப்படுகிறேன். அமிலம் பட்டால் உடனே எரியும், பிராணி விலகி ஓடும். காஸ்டிக் சோடா போன்ற காரப் பொருள் முதலில் அவ்வளவாக வலிக்காது. ஆனால் ஆழமாக அரித்து உணவுக்குழாயையே ஓட்டையாக்கும்.

பாச்சை உருண்டை, சிலர் அந்துருண்டை என்பார்கள். நாப்தலீனால் ஆனது என்றால் அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கும் சிறிய நாய்க்கும் ஓர் உருண்டையே ஆபத்து. விழுங்கிய இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகும். எது நாப்தலீன் என்று தெரிய ஓர் எளிய சோதனை உண்டு. சாதாரணத் தண்ணீரில் மூழ்கி, உப்பு கரையாமல் நிற்கும் அளவுக்குப் போட்ட உப்புத் தண்ணீரில் மிதந்தால் நாப்தலீன். இரண்டிலும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன். சாதாரணத் தண்ணீரிலேயே மிதந்தால் கற்பூரம். இருந்தாலும் மூன்றுமே பிராணிக்கு ஆகாது. கற்பூரம் வலிப்பு வரவழைக்கும். பூஜைத் தட்டில் சிந்திய துண்டை நாய்க்குட்டி நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எறும்புச் சாக்பீஸிலும் கரப்பான் ஸ்ப்ரேயிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து. நாய் ஓரளவு தாங்கும், பூனை தாங்காது, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடுவதும் இதே காரணத்தால் உயிரை எடுக்கும்.

புல்தைலம், நீலகிரித் தைலம் போட்டுத் துடைப்பவர்கள் “நாங்க கெமிக்கலே யூஸ் பண்றதில்லை” என்பார்கள். பூனையின் கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஈ வராமல் இருக்க வாளியில் மண்ணெண்ணெய் விடும் பழக்கம் இன்னும் இருந்தால், தயவுசெய்து இன்றோடு விடுங்கள். வெள்ளிக்கிழமை கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் துடைப்பதால் கெடுதல் இல்லை. அந்த வாளியில் நாய் வாய் வைக்காமல் பார்த்தால் போதும்.

மூன்றாவது: பெயரில்லாத பாட்டில் வீட்டில் இருக்கக் கூடாது

லேபிள் இல்லாததை வெளியேற்றுங்கள். குடிதண்ணீர், குளிர்பான பாட்டிலில் பினாயிலோ ஆசிட்டோ வாங்காதீர்கள். குழந்தைகளுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. வண்டிக்காரரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. அவரிடம் துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டும் நான் இன்றும் வாங்குகிறேன். மீதமிருக்கும் ஒவ்வொன்றையும் கைபேசியில் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படம் அன்று என்னிடம் இருந்திருந்தால் டாக்டர் பாதத்தை முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம்.

வைக்கும் இடம் மேல் அலமாரி, தாழ்ப்பாளோடு. மேடைக்குக் கீழே திரை மட்டும் போட்ட இடம் பூனைக்குக் கதவே இல்லாத அறை மாதிரி.

நான்காவது: தரை துடைக்கும் முறை

தினமும் கிருமிநாசினி தேவையே இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. மணம் வந்தால்தான் சுத்தம் என்று வளர்ந்தவள் நான். சாதாரண நாட்களில் பெருக்கிவிட்டு, வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு டீஸ்பூன் விட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

கிருமிநாசினி வேண்டிய நாளில் இப்படிச் செய்கிறோம். முதலில் பட்டுவை மாடி அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறோம். அதன் சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கைத் துணி எல்லாம் கூடவே போகும். திரவத்தை மூடியால் அளந்து, லேபிள் சொல்லும் அளவுதான். துடைத்து, லேபிளில் உள்ள நேரம் காத்திருந்து, பிறகு வாளியையும் மாப்பையும் அலசி, புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை. இந்த இரண்டாம் தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கடைசியாக மின்விசிறி.

நம் ஊரில் காய்வதற்கு நேரம் அதிகம் ஆகும். கடற்காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் மொசைக் தரை ஒரு மணி நேரம் ஆனாலும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். பார்வையை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஒட்டினால் இன்னும் காயவில்லை.

வீட்டு வேலைக்கு உதவி செய்பவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா, பட்டு படுத்த படுக்கையாக இருந்தபோது என்னை விட அதிகம் அழுதார். “இது இப்படி ஆகும்னு யாருமே சொல்லலையேம்மா” என்றார். இப்போது “அக்கா, மூடிக்கு மேல வேணாம்” என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் வேலை செய்யும் மற்ற வீடுகளிலும் நாய்களை வெளியே விட்டுவிட்டுத்தான் துடைக்கிறாராம்.

ஐந்தாவது: குளியலறையும் துணியும்

கழிவறைக் கோப்பையின் மூடி எப்போதும் மூடியே இருக்கட்டும். கோப்பைக்குள் தொங்கவிடும் வாசனைக் கட்டி வேண்டாம். ஆசிட் ஊற்றி ஊறவைத்தால் கதவைச் சாத்துங்கள். சலவைத் தூளில் துணி ஊறும் வாளிக்கு மூடி போடுங்கள், அல்லது உயரத்தில் வையுங்கள். பாச்சை உருண்டைக்குப் பதில் பீரோவில் வேப்பிலையும் நன்றாகக் காய்ந்த துணியும் போதும் என்பது என் அனுபவம்.

பூனையின் மணல் தட்டைச் சுடுதண்ணீரிலும் பாத்திர சோப்பிலும் மட்டும் கழுவுங்கள். பிளீச் ஊற்றினால் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோராமின் என்ற நச்சு வாயு வரும்.

ஆறாவது: மழை வெள்ளத்துக்குப் பின் பிளீச்சிங் பவுடர்

புதுச்சேரியிலும் கடலூரிலும் இருப்பவர்களுக்கு இது தனி அத்தியாயம். தானே புயல், ஃபெஞ்சல் புயல், தென்பெண்ணையின் வெள்ளம், கெடிலத்தின் வெள்ளம் என்று சில வருடத்துக்கு ஒருமுறை சேற்றைக் கழுவியே ஆக வேண்டும். வெள்ளத் தண்ணீர் புகுந்த வீட்டில் கிருமிநாசினி அவசியம். எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் நமக்கும் வரும், நாய்க்கும் வரும். பயன்படுத்தும் விதம்தான் முக்கியம்.

முதலில் சேற்றை வழித்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கின் மேல் பிளீச்சிங் பவுடரின் குளோரின் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர். கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். 5 சதவீத பிளீச் திரவம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி. பத்து நிமிடம் தரையில் நின்ற பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். நாய்க்குட்டி பார்வோ என்னும் வைரஸ் நோயில் இறந்துபோன வீட்டிலும் இதே அளவுதான். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலை நம்ப முடியாது. வெள்ளத்துக்கும் பார்வோவுக்கும் பிளீச், மற்ற நாளுக்கு சோப்பு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளீச்சையும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. அது காற்றை விடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தங்கும். நம் மூக்குக்கு எட்டும் முன்பே கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் பூனையின் மூக்குக்கு எட்டிவிடும்.

வெள்ளம் வடிந்ததும் தெருவோரம் சாக்கடையை ஒட்டிக் கோலமாவு போல வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள் இல்லையா, அது பிளீச்சிங் பவுடர். அந்த வாரம் நாயை நடக்கக் கூட்டிப் போய் வந்தால், வாசலிலேயே நான்கு பாதங்களையும் கழுவித் துடைத்து உள்ளே விடுங்கள்.

ஏழாவது: நடந்துவிட்டால்

அறிகுறிகள் இவை: எச்சில் வடிவது, முன்காலால் வாயைத் தேய்ப்பது, பசி இருந்தும் சாப்பிடாதது, வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், மூச்சுத் திணறல். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நக்கியதைப் பார்த்தாலே போன் செய்யுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றுவது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் கூடாது. ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் ஏறி வரும்போது இரண்டாம் முறை பொசுக்கும். மண்ணெண்ணெயும் பினாயிலும் நுரையீரலுக்குள் போய்விடும். உப்பே விஷமாகவும் ஆகலாம். காரத்துக்கு எலுமிச்சைச் சாறு என்று பள்ளிக்கூட வேதியியலையும் முயல வேண்டாம். விழிப்பாக இருந்து, தானாகக் கொஞ்சம் தண்ணீர் நக்கினால் நக்கட்டும். வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள்.

மேலே பட்டிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, தூளாக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். திரவம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரை 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். பினாயில் போல் எண்ணெய்ப் பசை இருந்தால் பாத்திர லிக்விட் சில துளிகள். பிறகு துவாலையில் சுற்றுங்கள், குளிரில் நடுங்கவிடக் கூடாது. கண்ணில் பட்டாலும் அதே 15 நிமிடம், வெறும் தண்ணீர் மட்டும். துவாலையில் சுற்றியிருக்கும்போது அது மறுபடி நக்கவும் முடியாது. வாயு என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் திறந்தவெளி.

பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. இரவில் எங்கே போவது என்பதை இன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் தேட ஆரம்பித்தால் கை நடுங்கும். எனக்கு நடுங்கியது.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. டாக்டரின் எண், இரவில் போகும் இடம், வீட்டில் உள்ள ஆறு பாட்டில்களின் பெயர், அவற்றில் என்ன இருக்கிறது என்பது. பத்தொன்பது இப்போது ஆறாகிவிட்டது. கடைசி வரியில் பட்டுவின் எடை: 3.8 கிலோ. மருந்தைக் கணக்கிட டாக்டர் அதைத்தான் கேட்பார்.